அப்பாவின் கட்டுரையில் அம்மாவின் பந்தி

யேசுவுக்கு எல்லாம் முன்கூட்டியே தெரியுமா, தெரியாதா? உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய ஒரு தபசு காலம் முழுவதும் இந்தக் கேள்வி எங்கள் குசினி மேசையில் கிடந்தது, உப்புச் சாடிக்கும் மீன்முள் போடுகிற தட்டுக்கும் நடுவில். எனக்கு அப்போது பதினொரு வயது.

என் வயதை ஒத்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். முழங்காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டு, பிள்ளைகள் ஆங்கிலத்தில் கேட்பதற்குத் தமிழில் பதில் சொல்லிக்கொண்டு, சிட்னியிலோ மெல்பேர்னிலோ ஒரு பின்வாசல் படியில் குந்தியிருக்கிறவர்களே, உங்களுக்கு அதிகம் விளக்கத் தேவையில்லை. நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். தோடம்பழம் பிடுங்கினேன், பஸ் கழுவினேன், ஆட்டிறைச்சித் தொழிற்சாலையில் நின்றேன், கரவன் பார்க்குகளில் குடியிருந்தேன். வீட்டை விட்ட பிறகு ஒரே ஊரில் மூன்று வருடத்துக்கு மேல் தங்கியதில்லை. இறையியல் பேச எனக்கு ஒரு தகுதியும் கிடையாது. ஆனால் அந்தக் கட்டுரையைத் தட்டச்சு செய்தது நான்தான்.

அப்போது நாங்கள் சிட்னியில், வென்ட்வேர்த்வில் ஸ்டேசனுக்குப் பின்னால் ஒரு செங்கல் ஃபிளாட்டின் இரண்டாம் மாடியில் இருந்தோம். இப்போது அங்கே இறங்கினால் கொத்துரொட்டிச் சத்தம் கேட்கிறது. அன்றைக்கு ஒரு தமிழ்க் கடைகூட இல்லை. உலர்ந்த தேங்காய்ப்பூ பைக்கற்றைச் சுடுநீரில் ஊறவைத்து அம்மா பால் பிழிவார். ஒவ்வொரு ரயிலுக்கும் அலுமாரிக்குள் கோப்பைகள் நடுங்கும். பெப்ரவரி வெக்கையில் விபூதிப் புதன் வந்தது. ஊரில் இளவெயிலோடு தொடங்கும் தபசு காலம் இங்கே வேர்வையோடு தொடங்கி, இலை உதிரும்போது முடிந்தது. அது இந்த நாட்டில் எங்களுக்கு இரண்டாவது தபசு காலம்.

அப்பா மன்னாரில் சமய பாட ஆசிரியர். ஊரே அவரை, வாத்தியாருக்குரிய மரியாதையோடு, 'சேர்' என்றது. இங்கே ஒரு பாண் தொழிற்சாலையில் விடியற்கால வேலை. மத்தியானம் வீடு திரும்பும்போது முழங்கைவரை மா படிந்திருக்கும், சேர்ட்டில் புளித்த மாவின் மணம். எங்கேயாவது ஒரு பேக்கரிக்குப் பின்பக்கமாக நடந்து போனால், இன்றும் நான் கொஞ்சம் நின்றுதான் போகிறேன்.

அண்ணன் எங்களோடு வரவில்லை. அவனுக்குப் பத்தொன்பது வயது ஆகிவிட்டதால் எங்கள் விண்ணப்பத்தில் சேர்க்க முடியவில்லை. "நாங்கள் முதல்ல போவம். மூண்டு மாசத்தில அவனைக் கூப்பிடலாம், எனக்குத் தெரியும்" என்று அப்பா சொன்னார். அம்மா நம்பினார். நாங்கள் வந்த ஐந்தாம் மாதம் அண்ணன் மன்னாரிலிருந்து வவுனியாவுக்குப் பஸ் ஏறினான். பஸ் போய்ச் சேர்ந்தது. அவன் போய்ச் சேரவில்லை. அதற்குமேல் ஒரு தகவலும் வரவில்லை.

பழைய சாமான் கடையில் அப்பா நான்கு கதிரைகள் வாங்கியிருந்தார். நான்காவதில் நாங்கள் ஒருவரும் இருப்பதில்லை. அப்படி ஒரு சட்டம் யாரும் போடவில்லை. நான் அதில் அகராதியை வைத்தால் அம்மா எடுத்து மேசையில் வைப்பார், அவ்வளவுதான்.

அந்த வருடம் அப்பா ஒரு வகுப்பில் சேர்ந்தார். செவ்வாய்க்கிழமை மாலைகளில் பரமட்டாவில் ஒரு கோயில் மண்டபத்தில் அது நடந்தது. யேசு யார், அவர் எப்படிக் கடவுளாகவும் மனிதராகவும் இருந்தார் என்பதுதான் பாடம். அதில் சித்தியடைந்தால் எங்கள் பங்குப் பள்ளிக்கூடத்தில் சமயம் படிப்பிக்க இடம் தரலாம் என்று பங்குச்சுவாமி சொல்லியிருந்தார். அப்பா மறுபடியும் சேர் ஆகலாம். அதற்காகவே அவர் சப்பாத்துக்குப் பொலிஷ் போட்டார், கண்ணாடி மாற்றினார், ஆங்கிலத்துக்குத் துணையாக என்னையும் கூட்டிக்கொண்டு ரயில் ஏறினார்.

படிப்பித்தவர் ஒரு வெள்ளைக்காரச் சிஸ்டர். காற்சட்டை போட்டிருந்தார். அப்பா முதல் நாள் அவரை மண்டபம் கூட்ட வந்தவர் என்று நினைத்து, கூட்டட்டும் என்று இரண்டு காலையும் தூக்கிக் கொடுத்தார். சிஸ்டர் சிரித்துவிட்டுக் கரும்பலகைக்குப் போனார்.

இன்னொரு நாள் அவர் ஒவ்வொருவரிடமும், "உங்களுக்கு அவர் யார்?" என்று கேட்டார். அப்பா எழுந்து நின்றார், கையைப் பின்னால் கட்டினார். ஒரே ஆள், இரண்டு இயல்புகள். கலவாமல், மாறாமல், பிரியாமல், அகலாமல் என்று பழைய திருச்சங்கத்தின் வரையறையைத் தமிழில் ஒப்புவித்தார். நான் தட்டித் தடவி மொழிபெயர்த்தேன். "நன்றி. அது திருச்சங்கம் சொன்னது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்றார் சிஸ்டர். அதை நான் அப்பாவுக்குச் சொல்லவில்லை. "நல்லாச் சொன்னீங்களாம்" என்றேன்.

முடிவுக் கட்டுரைக்குத் தலைப்புக் கொடுத்தார்கள்: யேசு தம்மைப் பற்றியும் தமக்கு வரப்போவதைப் பற்றியும் எவ்வளவு அறிந்திருந்தார்? ஐந்து பக்கம், ஆங்கிலத்தில், குருத்தோலை ஞாயிறுக்கு முந்திய வெள்ளிக்கிழமைக்குள்.

அப்பா தமிழில் கொப்பியில் எழுதி வாசிப்பார். நான் அகராதி பார்த்து ஆங்கிலமாக்கித் தட்டுவேன். தட்டச்சு மெசினும் பழைய சாமான் கடைதான். அதில் 'ஜே' என்ற எழுத்து உடைந்திருந்தது. யேசுவின் பெயர் வரும் இடமெல்லாம் முதலெழுத்துக்கு வெற்றிடம் விட்டு, பிறகு நீலப் பேனாவால் நிரப்ப வேண்டும். அம்மா ஐந்து அடி தள்ளிக் குசினித் தொட்டியில் மீன் வெட்டிக்கொண்டு நிற்பார். அவர் ஐந்தாம் வகுப்புவரை படித்தவர்.

"எழுது பிள்ளை" என்றார் அப்பா. "மனிதராய்ப் பிறந்தபோதும் அவருக்குத் தெரியாதது ஒன்றும் இருக்கவில்லை."

"அப்ப ஏன் அத்திமரத்தடிக்குப் போனவர்?" இது அம்மா, திரும்பாமலே.

"என்ன?"

"பசியோட போனவர். போய்ப் பார்த்தால் இலைதான் கிடந்தது. எல்லாம் தெரிஞ்சவர் வெறும் மரத்தடிக்கு நடப்பாரே?"

"இஞ்சாரும், அது சீடர்களுக்கு ஒரு படிப்பினை. பசிக்கதை இல்லை."

"பசிச்சவையைக் கேட்டுப் பாருங்கோ, படிப்பினையோ பசியோ எண்டு."

நான் சிரித்துவிட்டேன். "நீ எழுது" என்றார் அப்பா.

அடுத்த நாள் அம்மா இன்னொன்று கொண்டுவந்தார். "கூட்டத்துக்க நிண்டு, ஆர் என்னைத் தொட்டது எண்டு கேட்டவர். தெரிஞ்சுகொண்டு கேட்டால் அது பொய் இல்லையோ?"

"பொய் எப்பிடி? வாத்திமார் கேக்கிறேல்லையே? விடை தெரிஞ்சுதான் கேள்வி கேக்கிறது."

"ஓம், நீங்கள் வாத்தியார். அவர் தச்சன்."

இப்படி ஐந்து வாரம். எனக்கு அது விளையாட்டாக இருந்தது. அப்பாவும் அம்மாவும் வேறு எதையும் அவ்வளவு நேரம் பேசுவதில்லை. அண்ணனின் பெயர் அந்த வீட்டில் ஒருவர் வாயிலும் வராது. அவர்கள் அண்ணனைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று எனக்கு விளங்க, என் தலைமயிர் நரைக்க வேண்டியிருந்தது. எல்லாம் தெரிந்த ஒருவர் மேலே இருந்தால்தான், அப்பா 'எனக்குத் தெரியும்' என்று சொல்லி அண்ணனை விட்டுவிட்டு வந்ததற்கும் ஏதாவது ஒரு கணக்கு இருக்கும். அம்மாவுக்கு அப்படி ஒருவர் வேண்டியிருக்கவில்லை. தன்னைப் போல ஒன்றும் தெரியாமல் றோட்டில் நிற்கிற ஒருவர்தான் வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமைகளில் ஒரு யாழ்ப்பாணத்து அன்ரியின் வீட்டுக் கராஜில் தமிழ்க் குடும்பங்கள் கூடிச் சிலுவைப்பாதை செய்வோம். காரை வெளியே எடுத்துவிட்டுப் பாய் விரிப்பார்கள். எண்ணெய்க் கறைக்கு மேல் முழந்தாள்படியிட்டால் பாவாடையில் ஒட்டும். அன்ரிக்கு வாய் நீளம்.

"சேர், எப்பிடிப் போகுது சோதினை? சிஸ்டர் உங்களுக்குப் படிப்பிக்கிறாவோ, நீங்கள் சிஸ்டருக்குப் படிப்பிக்கிறீங்களோ?"

"ரெண்டும் நடக்குது" என்றார் அப்பா. அவரைச் சேர் என்று கூப்பிட்டதால் அன்ரி எது சொன்னாலும் அவருக்குச் சரி.

அன்ரி அம்மாவிடம் திரும்பினார். "பெரிய வெள்ளிக்கு நீங்கள்தான் பசான் படிக்க வேணும். மன்னார்ச் சனம் உங்கட குரலைப் பற்றிச் சொல்லிச்சினம்."

பசான் என்றால் யேசுவின் பாடுகளைப் புலம்பலாகப் படிப்பது. ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் மறுமொழி படிப்பார்கள். ஊரில் அம்மா எடுத்துக்கொடுத்தால் ஆண்கள் கோயிலுக்கு வெளியே போய் நின்று மூக்குச் சிந்துவார்கள்.

"தொண்டை சரியில்லை" என்றார் அம்மா.

"போன வருசமும் இதைத்தானே சொன்னனீங்கள்?"

"அது இன்னும் சுகமாகேல்லை."

கட்டுரை கொடுப்பதற்கு முதல் நாள் பின்னேரம். மூன்றரைப் பக்கம் முடிந்திருந்தது. அப்பா அடுத்த பந்தியை வாசித்தார்: "சிலுவையில் கைவிடப்பட்டவராய்க் கூப்பிட்டபோதும், மூன்றாம் நாள் எழுவோம் என்று அவருக்கு நிச்சயமாய்த் தெரியும்."

அம்மா கத்தியோடு திரும்பினார். கையெல்லாம் செதில்.

"மூண்டாம் நாள் வரும் எண்டு தெரிஞ்சால் அது என்ன நோவு? அப்பிடியெண்டால் நானும் தொங்குவன், மூண்டு நாள்."

"இஞ்சாரும்..."

"லாசர் செத்த வீட்டுக்கு வந்து என்ன கேட்டவர்? அவனை எங்க வைச்சனீங்கள் எண்டு கேட்டவர். கேட்டுப்போட்டு அழுதவர். எங்க எண்டு தெரிஞ்சவர் கேப்பாரே? தெரிஞ்சவர் அழுவாரே? எங்க எண்டு தெரியாமல் நிக்கிறதுதான் மனிசராகிறது. அந்த நோவு அவருக்கு இல்லையெண்டால், அவர் மனிசச் சட்டை ஒண்டைப் போட்டுக்கொண்டு வந்தவர், அவ்வளவுதான். எனக்கு அந்தச் சட்டை வேண்டாம்."

தண்ணீர்க் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. அப்பா பேனாவை மூடினார். படியிறங்கிப் போய், உடுப்புக் காயப்போடும் சுழல்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதில் எங்கள் உடுப்பு ஒன்றும் இல்லை.

நான் மெசினுக்கு முன்னால் தனியாக இருந்தேன். ஐந்து பக்கம் வேண்டும். மூன்றரைதான் இருக்கிறது. வேறு என்ன செய்வது? அம்மா சொன்னதை எழுதினேன். அத்திமரம், தொட்டவர் யார், எங்கே வைத்தீர்கள், சட்டை, எல்லாம். அகராதி தேவைப்படவில்லை, அம்மாவின் சொற்கள் அவ்வளவு சின்னவை. 'என் மனைவி சொல்கிறாள்' என்று தொடங்கத்தான் நினைத்தேன். கட்டுரையில் மனைவி வரக்கூடாது என்று பட்டது. அதனால் அப்பா சொல்வதாகவே விட்டேன். பிறகு வெற்றிடங்களை நீலப் பேனாவால் நிரப்பினேன்.

"சரி பார்த்தியோ?" என்று அப்பா திரும்பி வந்து கேட்டார்.

"ஓம் அப்பா."

பக்கங்களை எண்ணினார். ஐந்து. கையெழுத்துப் போட்டார். ஆங்கிலம் அவருக்கு மெதுவாகத்தான் ஓடும், அன்றைக்குக் கண்ணும் சிவந்திருந்தது.

பெரிய வாரத்துச் செவ்வாய்க்கிழமை கட்டுரை திரும்பி வந்தது. மிக நல்ல மதிப்பெண்ணோடு சித்தி. முதல் மூன்று பக்கங்களில் சின்னச் சின்னச் சரி அடையாளங்கள். கடைசிப் பந்தியைச் சுற்றிப் பச்சை மையில் ஒரு கோடு, பக்கத்தில் சிஸ்டரின் நீண்ட குறிப்பு: இத்தனை வருடம் இதைப் படிப்பிக்கிறேன், இவ்வளவு நேராக யாரும் எழுதித் தந்ததில்லை. அப்பா அதை ரயிலில் விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். வெஸ்ட்மீட் தாண்டியது.

"இது ஆர்ர பந்தி?"

"அம்மா சொன்னது."

"அது எனக்குத் தெரியும். ஆர் இதுக்க போட்டது?"

"நான்தான். பக்கம் காணாது அப்பா."

வென்ட்வேர்த்வில் வந்தது, கதவு திறந்தது, மூடியது. அப்பா எழும்பவில்லை. பெண்டில் ஹில்லில் இறங்கித் தண்டவாளத்தோரம் திரும்பி நடந்தோம். இலைகள் சப்பாத்துக்குக் கீழே நொறுங்கின. வீட்டு வாசலில்தான் அடுத்த வார்த்தை பேசினார்.

"பார்த்தெழுதின பிள்ளையளை நான் வெயில்ல நிப்பாட்டினனான்."

மறுநாள் வேலை முடிந்து, மா படிந்த சேர்ட்டோடு நேராகப் பரமட்டாவுக்குப் போய், இதில் நல்ல பந்தி என்னுடையதல்ல என்று கட்டுரையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சிஸ்டர் தன் சின்ன மஞ்சள் காரில் அவரையும் அந்தக் கட்டுரையையும் ஏற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்தார். வந்தவர் மேசைக்குப் பக்கத்தில் நான்காவது கதிரையை இழுத்துப் போட்டு அதில் இருந்தார். அம்மாவின் கை பாதி தூரம் எழும்பியது. பிறகு அந்தக் கை கேத்திலை எடுத்தது.

"இதைச் சொன்னவருக்கு இறையியல் யார் படிப்பித்தது என்று கேள்" என்றார் சிஸ்டர் என்னிடம். கேட்டேன்.

"ஒருத்தரும் இல்லையெண்டு சொல்லு. தேத்தண்ணிக்குச் சீனி போடவோ எண்டும் கேள்."

சிஸ்டர் இரண்டு கரண்டி கேட்டார். பிறகு அப்பாவைப் பார்த்து மெதுவாக, அவருக்கு விளங்கும்படி சொன்னார். கடைசிப் பக்கத்தை மட்டும் புதிதாக எழுதுங்கள். திருச்சங்கம் சொன்னது வேண்டாம், மனைவி சொன்னது வேண்டாம். நீங்கள் சொல்வது என்ன? உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த செவ்வாய் கொண்டுவாருங்கள், இடம் இன்னும் இருக்கிறது.

பெரிய வியாழன் பின்னேரம் நான் மெசினில் ஒரு வெள்ளைத் தாளை ஏற்றி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அப்பா கொப்பியைத் திறந்தார், பேனாவைத் திறந்தார்.

"யேசு..." என்றார்.

வெற்றிடம் விட்டு மிச்ச எழுத்துகளைத் தட்டினேன்.

அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. "நாளைக்குப் பார்ப்பம் பிள்ளை" என்று பேனாவை மூடினார்.

மறுநாள் பெரிய வெள்ளி. கோயிலில் சிலுவையை முத்தமிடும் சடங்கு முடிந்து எல்லோரும் அன்ரியின் கராஜுக்கு வந்தோம். ஆண்கள் பின்னால் சுவரோடு நின்றார்கள், பெண்கள் பாயில். ஒரு மூலையில் கஞ்சிப் பானை, ஊறுகாய்ப் போத்தல். அன்ரி யார் படிக்கிறது என்று தேடிக்கொண்டிருக்கும்போதே, யாரும் கேட்காமல், அம்மா பசானை எடுத்தார்.

அந்தக் குரலை உங்களுக்கு எழுதிக் காட்ட என்னால் முடியாது. தகரக் கதவு அதிர்ந்தது என்று மட்டும் சொல்கிறேன். யேசுவின் தாய் தெருவில் இறங்கிப் போகிறாள். எதிரே வருகிற ஒவ்வொருவரிடமும், தண்ணீர் மொள்ளுகிறவளிடம், கதவு சாத்துகிறவனிடம், குதிரையில் போகிற சேவகனிடம், என் மகனைக் கண்டீர்களா என்று கேட்கிறாள். ஒவ்வொரு கேள்விக்கும் பெண்கள் சேர்ந்து மறுமொழி படிக்க வேண்டும், காணவில்லை அம்மா என்று. முதல் கேள்விக்குப் படித்தார்கள். இரண்டாவதுக்குக் குரல்கள் குறைந்தன. எங்கள் வீட்டுக் கதை எல்லோருக்கும் தெரியும். மூன்றாவதுக்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை. அம்மாவின் கேள்வி கராஜின் நடுவில் தனியாக நின்றது.

அப்போது பின்னால் சுவரோடு நின்ற அப்பா, பெண்களுக்கு நடுவால் நடந்து வந்தார். ஆண்கள் பாயில் இருக்கிற வழக்கம் இல்லை. அம்மாவுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தார். சுருதியே இல்லாத வாத்தியார்க் குரலில் மறுமொழியைப் படித்தார்.

"காணவில்லை அம்மா."

அம்மா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த கேள்வியை எடுத்தார். அப்பா மறுமொழி படித்தார். கடைசிவரை அவர்கள் இருவரும்தான் படித்தார்கள்.

செவ்வாய்க்கிழமை அப்பா பரமட்டாவுக்குப் போகவில்லை. வெள்ளைத் தாளை மெசினிலிருந்து அவரே உருவியெடுத்து மடித்தார். பள்ளிக்கூடத்து இடம் வேறொருவருக்குப் போனது. அவர் பதினேழு வருடம் பாண் தொழிற்சாலையில் நின்று ஓய்வு பெற்றார். நான் அந்தப் பந்தியைப் போட்டு அவரைக் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். அவர் என்னோடு குறைவாகப் பேசியதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டேன். பதினாறு வயதில் வீட்டைவிட்டுப் போனதற்கு அதுவும் ஒரு காரணம். அவர் எழுத வேண்டிய பக்கத்தைக் கராஜில், நிலத்தில் இருந்துகொண்டு படித்து முடித்துவிட்டார் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. தெரிய வந்தபோது நான் மில்டுராவில் முந்திரிகைக் கொடிகளில் பழம் பிடுங்கிக்கொண்டிருந்தேன். அப்பாவின் அடக்கத்துக்கு மட்டும் வந்து சேர்ந்தேன். அடுத்த வருடம் அம்மாவும் போய்விட்டார்.

பச்சை மைக் குறிப்போடு அந்தக் கட்டுரை கொஞ்சக் காலம் என் பையில் கிடந்தது. எந்தக் கரவன் பார்க்கில் விட்டேன் என்று நினைவில்லை. மெசின் போய்விட்டது, கதிரைகளும் போய்விட்டன. எனக்கு அந்த நாட்களிலிருந்து ஒன்றே ஒன்று கிடைக்குமென்றால் அந்தக் கட்டுரையைக்கூடக் கேட்க மாட்டேன். அம்மா திரும்பாமல் கேட்பதும், அப்பா கொப்பியிலிருந்து தலையைத் தூக்கி "என்ன?" என்பதும் கேட்கிற ஒரு பின்னேரம் போதும்.

கடைசியாக நான் வேலை செய்த ஆட்டிறைச்சித் தொழிற்சாலையில், ஊரிலிருந்து அகதிகளாகப் படகில் வந்த இளைஞர்கள் சிலர் வேலைக்குச் சேர்ந்தார்கள். ஒருவன் எனக்கு அடுத்த மேசை.

"எந்த ஊர் தம்பி?"

"மன்னார்ப் பக்கம் அக்கா."

நான் அண்ணனின் பெயரைச் சொன்னேன். அண்ணன் பஸ் ஏறியபோது இந்தத் தம்பி பிறந்திருக்கவே மாட்டான் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் எந்த ஊருக்குப் போனாலும், மன்னார் என்று யார் சொன்னாலும், நான் கேட்காமல் விட்டதில்லை. அப்பா சொன்ன வாத்திமாரைப் போல விடையை வைத்துக்கொண்டு கேட்கிற கேள்வி இல்லை அது.

அவன் கத்தியைக் கீழே வைத்தான். கையுறையைக் கழற்றினான். கொஞ்ச நேரம் உண்மையாகவே யோசித்தான்.

"காணேல்லை அக்கா" என்றான்.